ஹார்ப் மீது சாய்ந்த தலை!

த்ர்ர்ரீங்ங்ங்...!

ஹார்ப்பின் நாற்பத்தேழு தந்திகளும் ஒன்றாக அலறின. அதை வாசித்துக்கொண்டிருந்த வினோத்ராஜின் தலை தந்திகளின் மேல் சாய்ந்து கிடந்தது.

மண்டபம் கைதட்டியது!

பின்னே? ஐம்பது நிமிஷமாக எப்போது தட்டுவது என்று தெரியாமல் தவித்த ஜனம் அது. வாசிப்பு நின்றது என்று நம்பி மூன்று முறை தட்டி, 'இன்னும் முடியலை' என்று மேடையிலிருந்து மூன்று முறை முறைப்பும் வாங்கியிருந்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை... முடிந்துவிட்டது!

எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் சேக் பரீத்.

கம்பத்துத் திராட்சை வியாபாரி. ஓடைப்பட்டியில் எட்டு ஏக்கர் பந்தல். வயது ஐம்பத்தெட்டு... வாய்க்கு மட்டும் இருபது. மேடையில் ஃப்ளூட் வாசித்தது அவருடைய ஒரே மகள் அப்ரின். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழனிசெட்டிபட்டிக் கல்யாண மண்டபத்தில் அவருக்கு என்ன வேலை?

"பரவால்ல, நல்லாத்தான் முடிச்சாக!" என்றார் பக்கத்து நாற்காலியிடம். "அந்தப் பெரிய பிடில்லதான் உள்ளுக்குள்ள கிரிக் கிரிக்குன்னு ஒரு சத்தம். அதுவும் மேல்நாட்டுச் சங்கீதமா?"

பக்கத்து நாற்காலியில் ஈஸ்வரபாண்டி. ரிட்டயர்டு கால்நடை டாக்டர்.

"அது பிடில் இல்ல பாய். செல்லோ."

"போஸ்டர்ல 'செல்லம்'னுல்ல போட்டிருந்தாக?"

போட்டிருந்தார்கள். 'ஹார்ப் - ஃப்ளூட் - செல்லம்' என்று தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். செல்லம் யார் என்று பார்க்கவே பாதிக் கூட்டம் வந்திருந்தது. மீதிப் பாதிக்குப் பின்கட்டில் சாயங்கால ரிசப்ஷனுக்காக வெந்துகொண்டிருந்த பிரியாணியின் மேல் ஒரு நம்பிக்கை.

"அத்தா...!"

மேடையில் அப்ரின் அலறினாள். ஃப்ளூட் அவள் கையிலிருந்து நழுவியது.

கைதட்டல் நின்றது.

சேக் பரீத் மேடைக்கு ஓடினார். வினோத்ராஜின் உதட்டோரம் நுரை. அவன் போட்டிருந்த புத்தம் புதிய வெள்ளைப் பட்டுச் சட்டையில் வியர்வை. ஈஸ்வரபாண்டி மூச்சு வாங்க வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"நாடி இல்ல. முடிஞ்சது!"

"யோவ்... மனுசனுக்குப் பாக்குற மாதிரிப் பாத்தியா, மாட்டுக்குப் பாக்குற மாதிரிப் பாத்தியா?"

"முப்பது வருஷ சர்வீஸ் பாய்! எனக்குத் தெரியாதா?"

108 வந்தது. வினோத்ராஜைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தது. அது மெயின் ரோட்டில் ஏறுவதற்குள்ளேயே வாட்ஸ்அப்பில் 'கண்ணீர் அஞ்சலி' வந்துவிட்டது... பிறந்த தேதி தப்பு, மறைந்த தேதி மட்டும் சுடச்சுட!

*

மணமகள் அறை.

இன்றைக்கு அதுதான் கலைஞர்களின் அறை. கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பழைய ஸ்டிக்கர் பொட்டுகள். மேஜை மேல் ஒரு ஸ்டீல் ஃப்ளாஸ்க். அடியில் கொஞ்சம் கறுப்புத் திராட்சை ஜூஸ் தங்கிய ஒரு கண்ணாடி டம்ளர்.

இன்ஸ்பெக்டர் கிருபாவதி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தார்.

"என்ன வாடை இது?"

"குடுங்க பாப்போம்!" சேக் பரீத் எட்டி மோந்தார். முகம் மலர்ந்தது. "அட, இது திராட்சைக்கு அடிக்கிற பூச்சி மருந்துல்ல மேடம்! நம்ம தோட்டத்துல போன வாரங்கூட அடிச்சோம். மூடியத் தொறந்தா இதே வாசந்தான்!"



அப்ரின் தலையில் கை வைத்தாள். "அத்தா... கொஞ்சம் சும்மா இருங்களேன்."

கிருபாவதி மெதுவாகத் திரும்பினார். சொந்த ஊர் வடுகபட்டி. யார் பேசினாலும் முழுசாகப் பேசவிட்டுப் பிறகு கேஸ் போடுகிறவர் என்று ஸ்டேஷனில் பெயர்.

"நம்ம தோட்டம்னா... உங்க தோட்டமா?"

"ஆமா. ஓடைப்பட்டியில..."

"ஜூஸ் யார் கொண்டு வந்தது?"

"நாந்தான் மேடம்" என்றாள் அப்ரின். "எப்பவும் கச்சேரிக்கு நாந்தான் கொண்டு வருவேன். எங்க தோட்டத்துப் பழம்."

கிருபாவதி நோட்டை விரித்தார்.

"பழம் உங்க தோட்டம். மருந்து உங்க தோட்டம். கொண்டாந்து வச்சது உங்க பொண்ணு. கேஸைப் பார்சல் கட்டி கையில குடுத்துட்டீங்க பாய். ரொம்ப நன்றி!"

சேக் பரீத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வருஷம் தாமதமாக.

"மேடம்... நான் சொன்னது என்னன்னா..."

"சொன்னது போதும். ராக்கையா, நீங்க வாங்க!"

மண்டபத்து வாட்ச்மேன் ராக்கையா முன்னால் வந்தார். காக்கிச் சட்டையின் பட்டனைச் சரி செய்துகொண்டார். டி.வி.காரர்கள் வந்தாலும் வருவார்கள்.

"காலையில பத்து மணிக்கு இந்தப் பொண்ணும் செத்துப்போனவரும் சண்டை போட்டாக மேடம். என் ரெண்டு காதால கேட்டேன். 'கொன்னுருவேன்'னு சொல்லுச்சு."

"சொன்னியாம்மா?"

"சொன்னேன்" என்றாள் அப்ரின். "வாசிக்க வாசிக்க அவன் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போவான். 'இன்னைக்கும் ஓடுனேன்னா கொன்னுருவேன்'னு சொன்னேன்."

"மேடம்!" சேக் பரீத்தால் பொறுக்க முடியவில்லை. "டீயில சீனி கம்மின்னாலே 'கொன்னுருவேன்'னு சொல்ற ஊரு இது. சொன்னவனையெல்லாம் புடிச்சா கம்பத்துல கடை தொறக்க ஆள் இருக்காது!"

"வடுகபட்டியிலயும் சொல்லுவாக பாய். ஆனா அங்கன சொன்ன கையோட டம்ளர்ல மருந்து கிடக்காது."

சேக் பரீத் மகளைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை அப்ரினுக்கு வியன்னாவுக்கு ஃப்ளைட். பெரிய இசைவிழா. கம்பம் கடைவீதியில் 'வியன்னா' என்ற பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவரே நின்று சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது இதே வாய், அவளை வியன்னாவுக்குப் பதிலாகப் பெண்கள் சிறைக்கு அனுப்பப்போகிறது. அதை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

*

அடுத்து ரெஜி குரியன்.

செல்லோ வாசிப்பவன். கோட்டயத்துக்காரன். பத்து வருஷமாகச் சென்னை. கன்றுக்குட்டி உயர செல்லோவைக் கட்டிப்பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. கர்ச்சீஃப் நனைந்திருந்தது. துக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பத்து மணியிலேர்ந்து வெளியில வேப்பமரத்துக்குக் கீழ மேடம். செல்லோவை டியூன் பண்ணிட்டிருந்தேன். பெல் அடிச்சதும் நேரா ஸ்டேஜ்."

"இந்த ரூமுக்குள்ள?"

"வரவே இல்ல. ஜூஸ் வந்ததுகூட எனக்குத் தெரியாது."

ராக்கையா தலையாட்டினார். "மரத்தடியில பாத்தேன் மேடம். அதுக்கப்புறம் நான் பின்னால போயிட்டேன்..."

"எதுக்கு?"

"அண்டாவுக்குத் தம் போட்டுட்டாகளான்னு பாக்க."

"நல்ல வாட்ச்மேன்!" கிருபாவதி பக்கத்தைப் புரட்டினார். "வினோத்ராஜுக்கும் உங்களுக்கும் பிரச்சினை ஏதும்?"

"ஒண்ணும் கிடையாது. அவன் எனக்குத் தம்பி மாதிரி." ரெஜி மூக்கை உறிஞ்சினான். "அப்ரின் மேலகூட எனக்குக் கோபம் இல்ல மேடம். ஏதோ ஒரு நிமிஷக் கோபத்துல செஞ்சிருப்பா. பாவம்."

சேக் பரீத்தின் கை தானாக மடங்கியது. ஒரு ஏட்டு அவர் தோளில் கை வைத்தார்.

கிருபாவதியின் செல்போன் அதிர்ந்தது. எஸ்.பி. ஆபீஸ். அதை எடுத்துக்கொண்டே கடைசிக் கேள்வியைப் போட்டார்.

"வினோத்ராஜ் அந்த ஜூஸ எங்கன குடிச்சாரு?"

"ஸ்ட்ரா வச்சு மேடம்" என்றான் ரெஜி. "புதுப் பட்டுச் சட்டை இல்லையா? கறை படும்னு."

"ம்." எழுதிக்கொண்டார். போனில், "யெஸ் சார்... ஆமா சார்... கூட்டிட்டு வர்றேன் சார்" என்றார். நோட்டை மூடினார்.

"அப்ரின், கிளம்பும்மா. ஸ்டேஷன்ல போய்ப் பேசலாம்."

"மேடம், நான் எதுவும் செய்யல!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. ஜீப்புல ஏறு."

அப்ரின் அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. ஃப்ளூட் பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"பத்திரமா வச்சுக்கங்க, அத்தா."

சேக் பரீத் பெட்டியை வாங்கினார். அவருடைய உதடு மட்டும் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது.

எங்கன... ஸ்ட்ரா வச்சு.

எங்கன... ஸ்ட்ரா வச்சு!

சேக் பரீத் சிரித்தார்.

முதலில் மெதுவாக. பிறகு தொப்பை குலுங்க.

"பாவம் பாய்க்கு மூளை கலங்கிருச்சு" என்றார் ஈஸ்வரபாண்டி. நல்லவேளை, நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை.

"மேடம்!" சேக் பரீத் கண்ணைத் துடைத்தார். "ஒரே ஒரு நிமிஷம். நான் முப்பது வருஷமா குமுளிக்குப் பழம் அனுப்புறேன். மொத தடவை போனப்ப என் லாரியக் காணோம். அங்கன இருந்த மலையாளத்துக்காரர்கிட்ட, 'லாரி எங்கன நிக்குது?'ன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?"

"பாய், எனக்கு நேரமில்ல..."

"'நன்னாயிட்டு நிக்குன்னுண்டு'ன்னாரு! நல்லா நிக்குதாம்! நானும் ஒரு மணி நேரம் தேடி அலைஞ்சேன். அப்புறந்தான் வெளங்குச்சு. நமக்கு 'எங்கன'ன்னா எந்த எடம். அவுகளுக்கு 'எங்கன'ன்னா எப்படி!"

கிருபாவதியின் கால் வாசலில் நின்றது.

"நீங்க இந்தத் தம்பிகிட்ட எந்த எடத்துல குடிச்சாருன்னு கேட்டீக. 'ரூம்ல'ன்னு சொல்லியிருக்கணும். இல்லாட்டி 'தெரியாது'ன்னு சொல்லியிருக்கணும். இவரு காதுல விழுந்தது 'எப்படி'. பதறிப்போய் எப்படின்னு சொல்லிட்டாரு. நான் கேக்குறேன் மேடம்... ஜூஸ் வந்ததே தெரியாத ஆளுக்கு, அதை அவன் ஸ்ட்ரா வச்சுக் குடிச்சது எப்படித் தெரியும்?"

கிருபாவதி நோட்டைத் திறந்தார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். 'ஸ்ட்ரா.'

தலையை நிமிர்த்தினார். "சொல்லுங்க ரெஜி. எப்படித் தெரியும்?"

ரெஜியின் முகம் வெளுத்தது. "அது... வினோத் எப்பவும் ஸ்ட்ராலதான்..."

"வினோத்தா?" அப்ரின் திரும்பி வந்தாள். "அவன் ஃப்ளாஸ்க்கையே அண்ணாந்து வாயில கவுத்துறவன் மேடம்! நான் டம்ளர் மட்டுந்தான் வச்சேன். ஸ்ட்ரா வைக்கவே இல்ல."

"ரூம்லயும் ஸ்ட்ரா இல்ல" என்றார் ஏட்டு. "ரெண்டு தடவை தேடியாச்சு."

"அப்ப எங்கன போச்சு?" என்றார் கிருபாவதி. பிறகு ஜாக்கிரதையாகச் சேர்த்துக்கொண்டார். "எந்த இடத்துக்குன்னு கேக்குறேன்!"

சேக் பரீத் செல்லோவைப் பார்த்தார். அதன் வயிற்றில் இரண்டு பக்கமும் வளைந்து நெளிந்த ஓட்டைகள்.

"மேடம், அந்தப் பெரிய பிடில ஒரு ஆட்டு ஆட்டச் சொல்லுங்க."

ரெஜி செல்லோவை இறுக்கிப் பிடித்தான். "தொடாதீங்க! நூறு வருஷப் பழசு! உடைஞ்சா யார் பொறுப்பு?"

"பூப்போல ஆட்டுவோம்" என்றார் கிருபாவதி. "ஏட்டு!"

கிரிக்... கிரிக்... கிரிக்.

மேல்நாட்டுச் சங்கீதம் இல்லை!

கிருபாவதி கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினார். ஓட்டை வழியே நுழைத்தார். ஒரு நெம்பு... இரண்டு நெம்பு. பச்சைக் கோடு போட்ட ஒரு ஸ்ட்ரா வெளியே தலையை நீட்டியது. அறை முழுவதும் அதே மருந்து வாடை.

"ஸ்ட்ராவுக்குள்ள தடவியிருக்கீங்க." கிருபாவதி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டார். "அவர் குடிச்சு முடிச்சதும் பெல் அடிச்சிருச்சு. வெளிய போட நேரமில்ல. கையில இருந்த ஒரே குப்பைத்தொட்டி இதுதான். சரியா?"

ரெஜி கர்ச்சீஃபை மடித்துப் பையில் வைத்தான். இனி அது தேவையில்லை.

"ஆறு வருஷம் மேடம்" என்றான். குரலில் இப்போது துக்கம் நிஜமாக இருந்தது. "ஆறு வருஷம் மூணு பேரும் சேர்ந்து வாசிச்சோம். வியன்னாவிலேர்ந்து கூப்பிட்டாங்க. வினோத் எனக்கு ஒரு மெயில் போட்டான். ஒரே வரி. 'ஹார்ப்பும் ஃப்ளூட்டும் போதும்.' என்னால அதைத் தாங்க முடியல. ஹார்ப் இல்லன்னா... ஃப்ளூட்டும் செல்லோவும் போயிருக்கலாம்."

"மருந்து?"

"போன ஞாயித்துக்கிழமை ஓடைப்பட்டித் தோட்டத்துல ரிகர்சல். ஷெட்டுலேர்ந்து கொஞ்சம் எடுத்தேன்."

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் ஷெட்டுலயே கை வச்சியா!" சேக் பரீத் கத்தினார். "அதுவும் ரெண்டாந்தடவை கறி கேட்டு வாங்கித் தின்ன பய!"

"அப்ரினையும் ஜீப்புல ஏத்தப் பாத்தீங்களே" என்றார் கிருபாவதி. "அப்புறம் யார் கூட வாசிக்கிறதா பிளான்? இல்ல, வியன்னாவுல தனிக் கச்சேரியா?"



அப்ரின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேக் பரீத் மகளின் தலையைத் தடவினார். பேச வார்த்தை வந்தும் பேசாமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை நிக்காஹ்வின்போது.

"கொலைக் கேஸ்... செக்சன் எழுதுங்க ஏட்டு" என்றார் கிருபாவதி.

அதே சமயம் அவருடைய செல்போன் மறுபடி அதிர்ந்தது. ஆஸ்பத்திரி.

"சொல்லுங்க டாக்டர்... போஸ்ட்மார்ட்டம் பேப்பர் ரெடியா?... என்ன?... என்ன சொல்றீங்க?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"எழுதாதீங்க ஏட்டு! வினோத்ராஜ் சாகல!"

"யா அல்லாஹ்!" என்றார் சேக் பரீத்.

"கண்ணு முழிச்சுட்டாராம். ஸ்ட்ரா யாரு குடுத்ததுன்னும் சொல்லிட்டாராம். இப்பப் பசிக்குதுங்குறாராம்."

எல்லாருடைய பார்வையும் ஈஸ்வரபாண்டியின் பக்கம் திரும்பியது. நாற்காலி காலி. முப்பது வருஷ சர்வீஸ் பின்வாசல் வழியாக நழுவியிருந்தது.

ரெஜி வாய் பிளந்து நின்றான். "அது... எப்படி? டப்பாவுல மண்டை ஓடு படம் போட்டிருந்துச்சே!"

"படம் மட்டுந்தான் அசல்." கிருபாவதி போனைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "வயித்தைக் கழுவிப் பாத்தாங்களாம்... முக்கால்வாசி வெறும் சாயத்தண்ணியாம். வாசனைக்கு மட்டும் ரெண்டு சொட்டு மருந்து. அவர் வெறும் வயித்தோட இருந்ததால மயங்கி விழுந்திருக்காரு. பாய்... உங்க மருந்து டூப்ளிகேட்!"

சேக் பரீத் கன்னத்தில் கை வைத்தார்.

"அதான பாத்தேன்! இந்த வெள்ளாமைக்கு நாலு தடவை அடிச்சேன் மேடம். ஒரு பூச்சி சாகல. ரெண்டு சுத்துப் பெருத்துப் போச்சு! உரக்கடை ராஜமணிகிட்டக் கேட்டா, 'பூச்சிக்குப் பழகிருச்சு பாய்'னு சொன்னான். நாளைக்கு அவன் மேல கேஸ் குடுக்குறதா இருந்தேன்."

"தாராளமாக் குடுங்க. நானே எடுத்துக்குறேன்."

சேக் பரீத் ஃப்ளூட் பெட்டியை மகள் கையில் கொடுத்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"கேஸ் கிடக்கட்டும் மேடம். மொதல்ல அவனுக்கு ஒரு மாலை வாங்கணும். இன்னைக்கு இங்கன மருந்து குடுத்து ஒரு உசுரைக் காப்பாத்துன டாக்டர் அவன் ஒருத்தன்தான்!"